பத்து வரிக்கு மேலே

இடுப்பு கழன்றுவிடும் போல வலி. ராத்திரி ஒன்றரை மணி. மெயின் ரோட்டில் பஸ் இறக்கிவிட்டுப் போனால் குளிர்க்கிடங்கு வரைக்கும் ஒன்றேகால் மைல், ஒரு விளக்கு கிடையாது. ஒரு கை இடுப்பில், ஒரு கை டார்ச்சில்... அப்படித்தான் நடந்தாள் நம் கிரேன் டிரைவரின் மச்சினி.

கிட்ட வந்து உட்காருங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். ஏன் என்று பிறகு தெரியும்.

பதினோரு வருஷம் அந்தக் கிடங்கில் மூட்டை தூக்கியவள். இடுப்பு போன பிறகு கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தாள். படம் இல்லை, மவுஸ் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. கதவில் தேய்க்க ஆளுக்கொரு கார்டு. எந்தக் கார்டு எந்தக் கதவுக்குள் போனது, எப்போது வெளியே வந்தது, எல்லாம் அன்றன்றைய ஃபைலில் வரி வரியாக விழும்.

உள்ளே நுழையும்போதே போன் அடித்தது. மேனேஜர்.

"ஏம்மா, குட்டையன் செத்த அன்னிக்கு ஃபைல் ஒண்ணு இருக்குல்ல? அதை அழிச்சிடு. காலையில நான் வர்றப்ப இருக்கக் கூடாது."

"அதுலதான் ஒண்ணும் இல்லேன்னீங்களே, சார்?"

"கேள்வி கேக்கவா சம்பளம்? முடியாதுன்னா மறுபடி மூட்டை தூக்கப் போ."

குட்டையன், நாலாம் நம்பர் அறையில் விறைத்துக் கிடந்த சுமைக்காரன். நாற்பத்தோரு நாளாகிறது. அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை, திருட நுழைந்தான் என்று விசாரணையில் சொன்னார் மேனேஜர். ஃபைலையும் காட்டினார். டெயில் என்று அடித்தால் அடியிலிருந்து பத்து வரிதான் வரும். அதற்கு மேலே வேண்டுமென்றால் எண் போட்டுக் கேட்க வேண்டும். வந்தவர்களுக்கு அது தெரியாது. பத்து வரியிலும் அவன் கார்டு இல்லை. திருடன் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் பெண்சாதிக்கு ஒரு காசு வரவில்லை.

அழிப்பதற்கு முன்னால் படித்தால் குறைந்தா போகும்? லெஸ் என்று அடித்து, ஒரு கோடு, பெரிய என், ஃபைல் பெயர் போட்டாள். ஓரத்தில் வரி எண்ணோடு திறந்தது. பெரிய ஜி அழுத்தினாள். அடிக்குப் போனது. திரையின் அடியில் அதே பத்து வரி. பி அழுத்தினாள்... பக்கம் பக்கமாக மேலே.

அங்கே இருந்தான்.

வரி 214. கார்டு 47, கதவு 4, உள்ளே, 22:05. அதற்குக் கீழே உள் மணி, கதவு சாத்திக்கொண்டால் உள்ளே மாட்டியவன் அழுத்துவது. உள் மணி. உள் மணி... எண்ணினாள். முப்பத்தாறு. அப்புறம் ஒரே வரி: கார்டு 1, மணி நிறுத்தம்.

கார்டு 1 மேனேஜருடையது. மணி பழுது, சும்மா அடிக்குது என்று கார்டைத் தேய்த்து அடக்கிவிட்டுத் தூங்கப் போவது அவர் வழக்கம். கார்டு 47 வெளியே வந்ததாக ஒரு வரி இல்லை.

கை பழக்கத்தில் பெரிய எஃப் அழுத்திவிட்டது. அழுத்தினால் ஃபைலின் அடியில் நின்று புது வரிக்குக் காத்திருக்கும். நாற்பத்தோரு நாள் பழைய ஃபைல். எந்த மெஷினும் அதில் எழுதுவதில்லை.

காத்திருந்தது...

அம்மோனியா நெடி. கூடவே ஈரச் சாக்கு வாசம்.

ஒரு வரி விழுந்தது. கார்டு 47, உள் மணி, 02:17.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பதினேழு. நாலாம் அறைப் பக்கம்... டிர்ர்ர்.

இன்னொரு வரி. டிர்ர்ர். இன்னொன்று.

போன்.

"அந்தச் சனியன் மணி குவார்ட்டர்ஸ் வரைக்கும் கேக்குது. கார்டைத் தேய்ச்சு நிறுத்து!"

"மாட்டேன்."

"என்னது?"

"நிறுத்த மாட்டேன். ஃபைலையும் அழிக்க மாட்டேன். நீங்களே வந்து நிறுத்துங்க, சார். உள்ள யாருன்னும் பாத்துட்டுப் போகலாம்."

போன் செத்துப்போனது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு போனாள்.  வாய் அடங்கவில்லை.

"டேய் குட்டையா, பயமுறுத்தணும்னா குவார்ட்டர்ஸுக்குப் போ. நீயும் நானும் ஒரே மூட்டைக்குத் தோள் குடுத்தவங்க. கதவைத் திறக்குறேன். வாடா வெளிய."

கைப்பிடியை இழுத்தாள். வெள்ளைப் புகை. உள்ளே யாரும் இல்லை. மணி நின்றது. அவளை உரசிக்கொண்டு ஏதோ போனது... தோளுக்குக் கீழே மட்டும் சில்லிட்டது. குட்டையன் அவள் தோள் உயரம்தான்.

திரும்பி வந்தபோது கடைசி வரி காத்திருந்தது. கார்டு 47, கதவு 4, வெளியே, 02:31. தேதி, இன்றைய தேதி.

ஃபைல் முழுவதையும் தாளில் எடுத்தாள். விடிந்ததும் குட்டையன் வீடு.

"அக்கா, அவர் கார்டு எங்க?"

"உடம்போட குடுத்தாங்க. டப்பாவுல போட்டதுதான், நான் தொறக்கவே இல்ல."

டப்பாவைத் திறந்தார்கள். கார்டின் மேல் விரற்கடை கனத்துக்கு உறைபனி.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில், அத்தனை சுமைக்காரர்கள் முன்னாலும், தாளை மேனேஜர் மூஞ்சிக்கு நேரே பிடித்தாள்.

"உள்ள போனது, வெளிய வந்தது ரெண்டும் உங்க ஃபைல்லயே இருக்கு. நடுவுல ஒரு நிமிஷம்கூட அவன் வெளிய வரல. கூலியைக் குடுங்க, சார்."

அவளை வேலையை விட்டுத் தூக்கினார்கள். தாளை அவள் கொடுக்கவில்லை. இப்போது மணி அடிப்பது மேனேஜர் குவார்ட்டர்ஸில். அங்கே மணியே கிடையாது. கார்டைத் தேய்க்கவும் இடமில்லை.

குட்டையனுக்குச் சேர வேண்டியது நாற்பத்தோரு ராத்திரிக் கூலி. கம்பெனி இன்னும் கொடுக்கவில்லை.