பந்தைக் கையில் தூக்கி ஓடியவர்

உடையப்பன்: ‘ஓகே, யல்லா’ன்னு அந்த வாயாலதான் சொன்னான் பாய். இப்ப, சொல்லவே இல்லங்கிறான்!

செய்கு: மெதுவாப் பேசு. ஆபீஸ் கதவு தெறந்து கெடக்கு.

உடையப்பன்: கேக்கட்டுமே! கிரேன் பெல்ட்டு நைஞ்சிருக்கு, பைப்பைத் தூக்கலாமான்னு நின்னு கேட்டேன். தூக்குன்னான். பெல்ட்டு அறுந்து, விமல் கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்கான். பழி என் தலையில!

செய்கு: கிளேட்டன் சார் பொய் சொல்ற ஆளு இல்லடா...

உடையப்பன்: ரெண்டு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டிருக்காரு. விசாவைக் கேன்சல் அடிச்சு ஊருக்கு அனுப்பிருவாக. வந்து ஏழு மாசம் ஆகல, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊர்ல போய் எறங்குறது? அந்தச் சேஃப்டி ஆபீசர் கிளேட்டன் தொர மட்டும் ஏசியில உக்காந்து நீங்க போடுற டீயைக் குடிப்பாக!

செய்கு: பொய் சொல்ல மாட்டாருங்கிறேன்.

உடையப்பன்: மாட்டாரா? அமெரிக்காவுல பெரிய புட்பால் பிளேயரா இருந்தேன்னானே, அது என்னவாம்? அதை நம்பி, நம்ம ருவைஸ் கேம்ப்புல மலையாளிகளோட மேட்ச்சுல எறக்குனோம். பந்தைக் கையில தூக்கிக்கிட்டு ஓடுறான்! குறுக்க நின்ன கோபாலசாமிய இடிச்சு மண்ணுல சாய்ச்சிட்டு...

செய்கு: அவங்க ஊர்ல அதுதான் புட்பால்.

உடையப்பன்: கையில தூக்கிட்டு ஓடுறதுக்கு எவனாச்சும் புட்பால்னு பேரு வைப்பானா? யாருக்குக் காது குத்துறீங்க?

செய்கு: நானும் சிரிச்சவன்தான். அப்புறம் போட்டோவைக் காட்டுனாரு. தலையில ஹெல்மெட்டு, மூஞ்சிக்கு இரும்புக் கம்பி. ஒம்பது வருசம் சம்பளம் வாங்கி ஆடுனவரு. எதிர்ல வர்றவனை முட்டிச் சாய்க்கணும், அதான் அவரு வேலை.

உடையப்பன்: கெடாச் சண்டையா?

செய்கு: அப்படித்தான் வச்சுக்கயேன். ரெண்டு முழங்கால்லயும் ஆபரேசன். முப்பத்தி மூணு வயசுல, போதும் போன்னுட்டாங்க. என்னென்னமோ வேலை பாத்துட்டு, குவைத் சண்டை முடிஞ்ச மறுவருசம் இங்க வந்தாரு.

உடையப்பன்: கால் போனவன் எனக்கு ஏன் குழி தோண்டுறான்?

செய்கு: கால் இல்லடா... தலை.

உடையப்பன்: தலைக்கு என்ன?

செய்கு: ஒண்ணுமில்ல, விடு...

உடையப்பன்: என்னத்த முழுங்குறீங்க? சொல்லுங்க பாய்!

செய்கு: மறந்துடுறாரு. டீயைக் குடிச்சு முடிச்சிட்டு, ‘செய்கு, டீ எங்க’ன்னு கேக்குறாரு. பெத்த மக பேரைச் சீட்டுல எழுதி வச்சிருக்காரு. முட்டி முட்டி உள்ள என்னமோ ஆகிப்போச்சு. ஒரு வருசமா நான்தான் ஒவ்வொண்ணா ஞாபகப்படுத்தி ஓட்டுறேன்.

உடையப்பன்: ஒரு வருசமாவா? அடப்பாவி பாய்! தெரிஞ்சே மூடி வச்சீங்களா? இங்க இருக்க அத்தன பேரு உசுரும் அந்தாளு கையில இருக்கு!

செய்கு: திட்டு. நல்லாத் திட்டு. நான் காய்ச்சல்ல நெனவில்லாம கெடந்தப்ப, கேம்ப்புக்குள்ள வந்து என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனவரு அவரு. காட்டிக்குடுக்க வாய் வரலடா... நாதாரித்தனம்தான்.

உடையப்பன்: அதுக்காக...

செய்கு: இனிமே மூடல. வா, மேனேஜர்கிட்ட நானே சொல்றேன். இவன் கேட்டான், சார் சரின்னாரு, மறந்துட்டாருன்னு. நீ தப்பிச்சிருவ. அவரை நாளைக்கே பிளேன் ஏத்திருவாங்க. ஏத்தட்டும்!

உடையப்பன்: இருங்க பாய்...

செய்கு: இன்னும் என்ன இரு? இவ்வளவு நேரம் குதிச்சியே! இப்பதான் அவருகிட்டயும் கேட்டுட்டு வர்றேன். நேத்து இல்லன்னவரு, ‘அந்தப் பையன் பொய் சொல்ல மாட்டான் செய்கு, நான்தான் சொல்லி மறந்திருப்பேன்’னு அழுவுறாரு. கையை விடு, நேரமாச்சு.

உடையப்பன்: போகாதீங்க! ஃபோர்மேன் ஜல்தி ஜல்தின்னு கத்துனான்... அவரு எதையும் மறக்கல பாய். நான் கேக்கவே இல்ல.