மங்காவின் ஆயிரமாவது வாரம்

— மூணு கட்டம் வரஞ்சிட்டேம்மா. நாலாவது என்னால ஆகாது.

— ரிஃபாய் பாய், நாலாவதுலதானே கதையே இருக்கு. ஏட்டையா மங்காவோட கூடைக்குள்ள கைய விடுறாரு, பாட்டில் சிக்குது, கையும் களவுமா புடிக்கிறாரு. நெரவியிலேர்ந்து பஸ் ஏறி வந்து உக்காந்திருக்கேன். அஞ்சு மணிக்குள்ள பத்திரிகைக்கு அனுப்பணும்.

— ஏட்டையா புடிக்க மாட்டாரும்மா.

— அதான் கேக்குறேன், ஏன்? பத்தொம்பது வருஷமா நம்ம படக்கதையில வாராவாரம் இதே கூத்துதான். காரைக்கால் சரக்கு பாட்டில ஒளிச்சு வச்சுக்கிட்டு மீன்கூடையோட எல்லைச் சாவடியத் தாண்டுறா மங்கா. ஏட்டையா தேடித் தேடி ஏமாந்து நிக்கிறாரு. ஆயிரமாவது வாரமாச்சும் புடிக்கணும், இல்லேன்னா தொடரையே நிறுத்திடுவேன்னு ஆசிரியரு சொல்லிட்டாரு.

— நிறுத்தட்டுமே.

— உங்களுக்கென்ன, கடை போர்டு எழுதியாச்சும் பொழச்சுக்குவீங்க. எனக்கு முத்தமிழ்னு பேரு வர்ற எடம் இது ஒண்ணுதான். சுப்ராயன் சார் தவறினப்ப, இந்தப் பொண்ணுக்கு என்ன எழுதத் தெரியும்னாங்க. நாலு வருஷமா அவரு படைச்ச ஆளுங்கள ஒரு நூலு பிசகாம எழுதிட்டு வர்றேன்.

— மெய்தான். மங்காவோட வாயி, திமிரு எல்லாம் அப்படியே இருக்கு. ஆனா ஏட்டையாவ மக்குன்னு நெனச்சில்ல எழுதுற.

— அவரு மக்குதானே. சாரே அப்படித்தான் எழுதினாரு.

— அவரு எழுதினாரு. நான் வரையல. அந்த அலமாரியிலேர்ந்து பழசு ஏதாவது ஒண்ண எடு. மூணாவது கட்டத்தப் பாரு.

— எடுத்துட்டேன். மங்கா கொண்டைக்குள்ள குவாட்டர் இருக்கு. ஏட்டையா கூடையக் கவுத்துத் தேடுறாரு.

— கை கூடையில இருக்கு. கண்ணு?

— கண்ணு... கொண்டையில இருக்கு பாய்.

— வேற ஒண்ணு எடு.

— இது குடைக்குள்ள ஒளிச்ச வாரம். ஏட்டையா மீனக் கொட்டுறாரு. ஆனா குடையத்தான் பாக்குறாரு.

— மொத வாரத்துலேர்ந்து அப்படித்தான். கண்ணுன்னா ஒரு புள்ளிதானேம்மா. யாரு உத்துப் பாக்கப் போறா?

— அப்ப தெரிஞ்சேதான் விடுறாரா? சார்கிட்ட நீங்க சொல்லவேயில்லையா?

— எழுதுறவருக்குத் தெரிஞ்சா ஏட்டையாவுக்கு வேலை போயிடுமேம்மா.

— சிரிக்காதீங்க பாய். நாலு வருஷமா ஒரு நல்ல மனுசன மக்கு மக்குன்னு எழுதிட்டேனே. கஷ்டமா இருக்கு எனக்கு.

— இப்ப அவரு புடிச்சா இத்தன வருஷமும் பொய்யாப் போயிடும். அதான் கை வரல.

— இது மங்காவுக்குத் தெரியுமா?

— என்னைக் கேட்டா? அவ வாயி உன் கையில இருக்கு.

— இருங்க. சாவடியில ரெண்டு வரிசை. இன்னொரு வரிசையில நிக்கிற போலீஸ்காரரு எப்பவும் தூங்குவாரு. அந்தப் பக்கம் போனா கூடையோட கூடையா நூறு பாட்டில் கொண்டு போகலாம். ஒரு வாரம்கூட மங்கா அதுல போனதில்ல. சாரும் அனுப்பல, நானும் அனுப்பல. ஏட்டையா வரிசையிலதான் வந்து நிப்பா.

— அல்லாவே. அந்தத் தூங்குமூஞ்சிய வாராவாரம் வரஞ்சவன் நான். எனக்கு இது தோணலையே.

— மூணு கட்டமும் அப்படியே இருக்கட்டும் பாய். நாலாவத மாத்திடலாம். ஏட்டையாவுக்கு இன்னையோட சர்வீஸ் முடியுது. கூடையில கைய விடுறாரு. மீனு மட்டுந்தான் இருக்கு. கொண்டையில இல்ல, குடையில இல்ல, எங்கயும் பாட்டில் இல்ல.

— ஆசிரியரு?

— நான் பேசிக்கிறேன். நிறுத்தினா இதோட நிக்கட்டும்.

— சரி, மைய எடு. ஆனா ஒண்ணு சொல்லு. பாட்டிலே இல்லேன்னா அவரு கண்ண நான் எங்க வைக்கிறது?

— மங்கா மூஞ்சியில வைங்க, பாய்.