டாக்டர் கேட்ட கேள்வி

வடசேரியிலிருந்து இராஜாக்கமங்கலம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு கணவனும் ஏழு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவியும் இருந்தார்கள்.

“வீட்டுல வளக்குற ஓணானுக்கு முத்தம் கொடுப்பியளான்னு டாக்டர் கேட்டப்போ ஏன் தலையைக் குனிஞ்சிய?” என்றாள் அவள்.

“ரெண்டு தடவைதான் மக்கா.”

“வெளிநாட்டுலேருந்து பெட்டியில நெருக்கி அடைச்சுக் கொண்டுவந்த சீவன். அதுக்க வயித்துல உள்ள கிருமி அதை ஒண்ணும் செய்யாதாம். நம்ம பிள்ளைக்குத்தான் ஆகாதாம்.”

“அதை வித்த கடைக்காரன் திரும்ப எடுக்க மாட்டேங்கான். திற்பரப்புல ஆத்தங்கரையில விட்டுரட்டா?”

“ஐயோ, அங்க உள்ள சீவனுக்கெல்லாம் நோவு பரவும்லா. அதுவும் பாவம், இங்க அதுக்கு யாரைத் தெரியும்? நான் அம்மை வீட்டுக்குப் போறேன். அதுக்கொரு நல்ல இடம் பாருங்க.”

“நீ எங்கயும் போகாண்டாம்” என்றவன் அப்போதே ஒரு நண்பனுக்கு போன் செய்தான்.

“அளியா, நீ தனியாத்தானே இருக்கே, ஆசையும் பட்டியே, நம்ம ஓணானை எடுத்துக்கோ. தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவணும். முத்தம் கொடுக்கப்பிடாது. செம்பருத்திப் பூன்னா அவனுக்கு உயிரு, தினமும் கொடு.”

போனை வைத்ததும் அவள் அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள்.

“கழுவியாச்சுல்லா?”

“ஆஸ்பத்திரியிலேயே மூணு தடவை.”