நீஸ் கடற்கரையா, லியோன் சாப்பாடா

"ஏட்டி, கடலைப் பாக்கவா பிளேன் ஏறிப் போவாக?"

உவரியிலிருந்து திருநெல்வேலி போகும் பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு மீனவர், மனைவியிடம் கேட்டார். பிரான்சில் வேலை பார்க்கும் மகள் அழைத்திருக்கிறாள். நீஸ் கடற்கரைக்கா, கடல் இல்லாவிட்டாலும் சாப்பாட்டுக்குப் பேர்போன லியோனுக்கா என்று இன்றைக்கே சொன்னால்தான் டிக்கெட் போடுவாளாம்.

"லியோன்னு சொல்லு. விதவிதமா கோழி வைப்பானாம். நல்லா திம்போம்."

"எனக்குக் கடலுதான்."

"வீட்டு வாசல்ல கெடக்கே, அது பத்தலையா?"

"அந்தக் கரையில நான் என்னைக்கு சும்மா உக்காந்தேன்? ஒண்ணு மீன்கூடையோட நிப்பேன், இல்லைன்னா உங்க வள்ளம் வருதான்னு பாத்துட்டு நிப்பேன். அங்கன கரையில நாக்காலி போட்டிருக்காம், மவ சொல்லுதா. நீங்க பக்கத்துல இருப்பீங்க. கடல்ல யாரையும் தேட வேண்டாம்."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"சரி, நீஸுன்னே சொல்லிரு. காலையில எந்திரிச்சு, அங்கன என்ன மீனு ஏலம் போவுதுன்னும் பாத்துக்கிடலாம்."

"ஏலத்துப் பக்கம் போனீங்க, அடுத்த ரயிலு லியோனுக்குத்தான்."