காவலுக்கு வந்தவர்கள்

தொண்ணூற்றொன்று, மார்கழிக் காலை. சேரப்பணஞ்சேரியிலிருந்து படப்பைக்குப் போகிற பஸ் பனிக்குள் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அரைத்தூக்கம். முன்சீட்டுப் பெண்ணின் மடியில் ஒரு ஊறுகாய் பாட்டில், அதற்குள் பரிசோதனைக்கு மாட்டுச் சாணம். அவள் பக்கத்தில் கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர்.

"மாடு நல்லாத்தான் தின்னுது சார். தின்னது எதுவும் ஒடம்புல ஒட்டல. கழிஞ்சிகினே கீது."

"நான் நெனைக்கிற கிருமின்னா குடல்ல குந்திகினு இருக்கும்மா. ஒடம்புல காவலுக்குன்னே அணுங்க உண்டு. அதுங்க கிருமிய முழுங்கிடும், ஆனா சாகடிக்க முடியாது. கிருமி உள்ளயே பொழைச்சிக்கும்."

"காவக்காரன் வயித்துக்குள்ளயே திருடனா?"

"ஆமா. அவன அடக்க இன்னும் பத்து காவக்காரன் வருவான். வந்து வந்து கூட்டம் சேந்து குடலே தடிச்சிப்போவும். அப்புறம் எவ்ளோ தின்னாலும் சத்து எறங்காது."

அவள் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தாள். தண்ணீர் எது, பனி எது என்று தெரியவில்லை.

"அப்ப யாரும் கெடுக்கணும்னு வரல. எல்லாம் காப்பாத்த வந்ததுங்கதான்."

"அப்படித்தாம்மா."

கம்பவுண்டர் பாட்டிலைப் பார்த்தார். பிறகு அவர் கேட்டார்.

"கண்ணுக்குட்டி அதுங்கிட்டதான் பால் குடிக்குதா?"

"மூணு மாசமா."

"இனிமே தனியா கட்டிடு."

"அதுக்கும் வந்திருக்குமா சார்?"

"இப்ப தெரியாதும்மா. வந்திருந்தாலும் ரெண்டு மூணு வருஷம் நல்லாத் துள்ளிகினுதான் இருக்கும்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் பாட்டிலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில நான் கெளம்பசொல்ல கூட துள்ளிச்சி சார்," என்றாள்.