பன்னெண்டு மணிக்கு "எல்லாம் சரி"

...சொருகினான் சார். அதத்தான் சொல்ல வர்றேன். புடுங்கினதக் கூட மன்னிச்சிடலாம். திரும்பிப் போய் சொருகினான் பாருங்க, அத மன்னிக்கவே முடியல.

யாரா? என் மச்சினன். என் சம்சாரத்தோட கூடப் பொறந்தவன். ஞாயித்துக்கிழமை காலைல சட்டைய இஸ்திரி போடணும்னு, இதோ இந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்க்கோட பவர் ஒயரப் புடுங்கிட்டான். எங்க வீட்ல ஏழு பிளக் பாயிண்ட் இருக்கு சார். ஏழு. நேத்து உக்காந்து எண்ணினேன். அவன் கண்ணுக்கு அது ஒண்ணுதான் தெரிஞ்சிருக்கு. சரி, தொலையட்டும். திங்கக்கிழமை காலைல ஞாபகம் வந்து, "அடடா, மாமாவோட ஒயராச்சே"ன்னு பொறுப்பா போய் சொருகியிருக்கான். முப்பது வயசுல அவன் பொறுப்பா செஞ்ச ஒரே காரியம்.

நீங்க பாட்டுக்கு டிஸ்க்கக் கழட்டுங்க சார், அழிஞ்சத மீட்டுக் கொடுத்தா போதும். நான் பேசறதால கை ஆடாதே? இல்லையா... ம். தலையாட்டறீங்களா, ஸ்க்ரூ திருகறதுல தலை ஆடுதா, ஒண்ணும் புரியல. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலாம். சரி விடுங்க.

வெள்ளை டிஸ்க்குல இருக்கறது மூலம். கறுப்புல நகல். உள்ள இருக்கறது பூரா குரல் சார். ஆமா, மனுஷங்க குரல். என் சம்சாரம் பேச்சு வராதவங்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கறவ. பதினோரு வருஷமா. யார் வந்தாலும் மொத நாள் ஒரு பதிவு, அப்புறம் மாசாமாசம் ஒண்ணு, பேச்சு வந்து வீட்டுக்கு அனுப்பற அன்னிக்கு ஒண்ணு. முந்நூத்தி நாப்பது பேர். பேர் சொன்னா போதும், குரல் எப்படி இருக்கும்னு சொல்லுவா. எனக்கு ரெண்டு பேர் பேர்தான் ஞாபகம் இருக்கும், அதுவும் மாத்திச் சொல்லுவேன்.

அதுல ஒருத்தர் பஸ் கண்டக்டர். பக்கவாதம் வந்து எல்லாப் பேச்சும் போயி ஒரே ஒரு வார்த்தை மிச்சம். "சரி." பசிக்குதான்னு கேட்டா சரி. வலிக்குதான்னா சரி. உங்க பேர் என்னன்னா, அதுக்கும் சரி. வீட்ல இருக்கறவங்களுக்கு சந்தோஷம், மனுஷன் எதுக்கும் மல்லுக்கட்டறதில்லையேன்னு. இவதான் வந்து சொல்லுவா, "அவர் சரின்னு சொல்றதுல எந்த சரி நிஜம்னு தெரியாம நான் தவிக்கறேன்"னு. ஏழு மாசம் முட்டி மோதினா சார். ஏழாவது மாசம் ஒரு செவ்வாக்கிழமை, தண்ணி வேணுமான்னு கேட்டிருக்கா. "இல்ல"ன்னுட்டார். அவ்வளவுதான். அன்னிக்கு வீட்டுக்கு வந்தவ செருப்பக் கூடக் கழட்டல, வாசல்லயே நின்னு அந்தப் பதிவ எனக்குப் போட்டுக் காட்டினா. நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன். நல்லா இருக்குன்னேன்.

வர்ற வியாழக்கிழமை இவ பேசற பெரிய கூட்டம். அந்த "இல்ல"வ எல்லாரும் கேக்கப் போறாங்க. கண்டக்டர் குடும்பத்தோட மொத வரிசையில வந்து உக்காரப் போறார். புதுச் சட்டை தெச்சிருக்காராம். அந்தப் பதிவும் இங்கதான் இருந்துச்சு. இதுலயும் இதுலயும்.

எப்படிப் போச்சா? அதான் சொல்றேனே, என் மச்சினன்... சரி, சரி, வரிசையா சொல்றேன். வீட்ல கம்ப்யூட்டர்ல ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், தானா ஓடற கட்டளை வரிசை, தினமும் பகல் பன்னெண்டு மணிக்கு ஓடும். நாலே வரி. மொத வரி, கறுப்பு டிஸ்க்குக்குள்ள போ. ரெண்டாவது, நிக்கற எடத்துல இருக்கற பழசையெல்லாம் அழி. மூணாவது, வெள்ளையில இருக்கறதக் கொண்டு வந்து கறுப்புல வை. நாலாவது, வீட்ல ரெண்டு பேர் போனுக்கும் "எல்லாம் சரி"ன்னு அனுப்பு. நல்லாத்தானே இருக்கு?

ஞாயித்துக்கிழமை கறுப்புக்குக் கரண்டு இல்ல. இஸ்திரி ஓடிட்டிருக்கு. மொத வரி தோத்துப் போச்சு, உள்ள போக முடியல. முடியலைன்னா என்ன பண்ணணும்? நிக்கணும் சார். அது நிக்கல. எங்க நின்னுச்சோ அங்கயே ரெண்டாவது வரிய செஞ்சுடுச்சு. அது கெளம்பறதே வெள்ளையிலேர்ந்துதான், நின்னதும் வெள்ளையில. பதினோரு வருஷத்தத் தொடச்சு எடுத்துட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி "எல்லாம் சரி"ன்னு அனுப்புச்சு. நான் பதிலுக்குக் கட்டைவிரல் படம் போட்டேன்.

அப்பக் கூடக் கறுப்புல நகல் முழுசா இருந்துச்சு. சனிக்கிழமை வரைக்கும் உள்ளது அப்படியே. மச்சினன் சும்மா இருந்திருந்தா பொழச்சிருக்கும். திங்கக்கிழமை சொருகிட்டானே. பன்னெண்டு மணிக்கு இது ஒழுங்கா கறுப்புக்குள்ள போச்சு, அங்க இருந்தத அழிச்சுது, காலியா கெடந்த வெள்ளையக் கொண்டு வந்து பத்திரமா வெச்சுது. "எல்லாம் சரி." அன்னிக்கும் கட்டைவிரல் போட்டேன்.

யாரு எழுதினதா? ...தெரிஞ்ச ஒருத்தர். வேண்டப்பட்டவர்தான். அது இப்ப எதுக்கு?

இந்த மாதிரி எழுதறவன என்ன பண்ணலாம் சொல்லுங்க. எங்க ஆபீஸ்ல மட்டும் ஒருத்தன் இப்படி எழுதிட்டு வரட்டும், உண்டு இல்லைன்னு பண்ணிடுவேன். எனக்கு அங்க பேரே "நில்லு சொல்லு". முதுகுக்குப் பின்னாடி கூப்பிடறாங்க, எனக்குத் தெரியும். தோத்தா நில்லு. எங்க தோத்த, ஏன் தோத்தன்னு சொல்லு. இருபது வருஷமா இதத்தான் கத்தறேன். ஒவ்வொரு வேலையும் முடியறப்ப மெஷின் ஒரு நம்பர் கொடுக்கும் சார். பூஜ்யம்னா நல்லபடியா முடிஞ்சுதுன்னு அர்த்தம். வேற எதுனாலும் கோளாறு. அந்த நம்பரப் பாக்காம அடுத்த வரிக்குப் போறவன் கண்ண மூடிக்கிட்டு ரோட்டக் கடக்கறவன். இன்னொண்ணு, மெஷினுக்கு ரெண்டு வாய் உண்டு. ஒண்ணு பதில் சொல்ல, இன்னொண்ணு குறை சொல்ல. தனித்தனியா வெச்சிருக்கறதே, குறை காதுல விழணும்னுதான்.

இந்த ஸ்கிரிப்ட்ல அந்தக் குறை சொல்ற வாயக் கொண்டு போய் ஒண்ணுமில்லாத எடத்துக்குத் திருப்பி விட்டிருக்கு. என்ன கத்தினாலும் யாருக்கும் கேக்காது.

ஏன் அப்படிப் பண்ணினாங்களா... அது வந்து, ஆரம்பத்துல ரெண்டு வாயும் போனுக்கு வந்துட்டிருந்துச்சு. அந்த ஃபைலத் தொட முடியல, இந்த ஃபைலுக்கு அனுமதி இல்லைன்னு ஒண்ணு ரெண்டு வரி. சாதாரண விஷயம். ஆனா அவ தினமும் சாயங்காலம் கேப்பா, "இது என்ன ஏதோ முடியலைங்குது, எல்லாம் பத்திரமா இருக்கா?"ன்னு. ஒரு நாள் கேட்டா பரவால்ல. தினமும் கேட்டா? ஆபீஸ்ல பத்து பேருக்குப் பாடம் எடுக்கறவன வீட்ல நிக்க வெச்சுக் கேள்வி கேட்டா எப்படி இருக்கும்? அந்த ரெண்டு வரியும் ஏன் வருதுன்னு பாக்க அரை மணி நேரம் ஆகும். வாய அடைக்க அரை நிமிஷம் போதும். அடைச்சேன். மறுநாள்லேர்ந்து "எல்லாம் சரி" மட்டும் வந்துச்சு. அவளுக்கும் நிம்மதி. "பாத்தியா, சரி பண்ணிட்டேன்"னேன்.

...ஆமா. அடைச்சேன்னு சொன்னேன். அடைச்சாங்கன்னு சொல்லல. நீங்க கவனமாத்தான் கேக்கறீங்க.

வீட்டுக்குத்தானேன்னு எழுதினது சார். நாலு வருஷம் ஓடுச்சே.

என்ன கேட்டீங்க? அழிஞ்சதுக்கு அப்புறம் இதுல எதையாவது எழுதினேனான்னா? நான் எதுக்கு எழுதப் போறேன்... ஒரே ஒண்ணு. அழிஞ்சத மீட்டுக் கொடுக்கற புரோகிராம்னு நெட்ல ஒண்ணு போட்டிருந்தான், அத இறக்கினேன். கொஞ்சம் பெருசுதான். எங்க இறக்கினேனா? ...வெள்ளையிலதான். அங்கதான் சார் எடம் நெறைய இருந்துச்சு.

ஏன் ஸ்க்ரூ டிரைவரக் கீழ வெச்சுட்டீங்க? அழிஞ்ச குரல் மேலயே அது போய் உக்காந்திருக்குமா?

அவளுக்கு இன்னும் தெரியாது. நேத்து சொல்லலாம்னு இருந்தேன், கூட்டத்துக்கு என்ன பேசறதுன்னு எழுதிட்டிருந்தா. இன்னிக்குக் காலைல சொல்லியிருக்கலாம். "டிஸ்க்க எங்க எடுத்துட்டுப் போற?"ன்னு கேட்டா. சும்மா தூசி தட்டன்னு சொன்னேன். நீங்க மீட்டுக் கொடுத்துட்டா சொல்லவே வேண்டாமேன்னுதான்... ஒரு நிமிஷம், போன்.

பன்னெண்டு ஆச்சா.

படிங்க சார். நீங்களே படிங்க. "எல்லாம் சரி." வெள்ளை உங்க கையில. கறுப்பு உங்க மேசையில தொறந்து கெடக்கு. வீட்ல வெறும் கம்ப்யூட்டர் பெட்டி ஓடிட்டிருக்கு. வெக்கமே இல்லாம சொல்லுது. இது அவளுக்கும் போயிருக்கும். இந்நேரம் பாத்துட்டு நிம்மதியா அடுத்த ஆள உள்ள கூப்பிட்டிருப்பா.

எவ்வளவு மீளும்னாவது சொல்லுங்க. பாதி? பாதிக்கும் கம்மியா? எந்தப் பாதின்னு சொல்ல முடியாதா... கண்டக்டரோடது மட்டும் மொதல்ல தேடுங்க சார். ஏழாவது மாசம், செவ்வாக்கிழமை. எங்க எழுந்துட்டீங்க? உள் ரூமுக்கா? நானும் வரட்டுமா... வரக் கூடாதா. கதவச் சாத்திட்டார். கல்லுளிமங்கன்.

இதோ அவதான் கூப்பிடறா.

ஹலோ... ம், வந்துச்சு. எனக்கும் வந்துச்சு... ஆமா, சரின்னுதான் போட்டிருக்கு... கண்டக்டரோட பதிவா? இப்பவே அனுப்பணுமா...

இல்ல.

இல்லம்மா. லைன் நல்லாத்தான் இருக்கு, நீ சரியாத்தான் கேட்ட. இல்லன்னுதான் சொன்னேன். அந்த மெசேஜ நம்பாத. கூப்பிட்ட ஆளக் கொஞ்சம் வெளியில உக்காரச் சொல்லிட்டு வா. எங்க தோத்துச்சு, ஏன் தோத்துச்சு, எல்லாத்தையும் சொல்றேன். உன் தம்பி மேல தப்பில்ல. அத எழுதினதே நான்தான்.