பத்தொன்பது நாள் ஓடின வெள்ளம்

— இப்பவும் அதே கதைதான் அக்கா. நம்ம டீம் டிரைவத் திறந்தா ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ன்னு மூஞ்சில அடிக்குது.

— காலைலேர்ந்து மூணு தடவை அனுமதி குடுத்துட்டேன்டா! எந்த மெயில்ல திறக்குற?

— என் மெயில்லதான்.

— ஆபீஸ் மெயிலா, சொந்த மெயிலா?

— ...சொந்தம்.

— சொந்தமாம் சொந்தம்! அத மூடிட்டு ஆபீஸ் மெயில்ல வா. மூணு மணிக்கு மீட்டிங். அணைக்காரங்க வந்தாச்சா?

— அடுத்த ரூம்ல உக்காந்திருக்காங்க. பெரிய இன்ஜினியர் வாட்ச்சையே பாக்குறார். மதகு திறந்தா எந்தெந்தத் தெரு முழுகும்னு நம்ம கம்ப்யூட்டர் சிமுலேஷன்ல காட்டினாத்தான் ஜனங்களக் காலி பண்ணச் சொல்வாராம். வாய் வார்த்தையெல்லாம் நம்ப மாட்டாராம்.

— மழை எப்படி?

— கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. ராத்திரிக்குள்ள மதகத் திறந்தே ஆகணுமாம்.

— ஆத்தோரம் நானூறு வீடுடா. ஆபீஸ் மெயில்ல டிரைவ் திறந்துச்சா?

— சத்தியமா திறந்துச்சு! ஆனா ஊரோட மேடுபள்ள மேப் இல்லியே?

— அதத்தான் ஏத்திக்கிட்டிருக்கேன். நாப்பது பர்சென்ட்ல நின்னுக்கிட்டு ‘இடம் போதாது’ங்குது. பன்னெண்டு பேருக்குப் பொதுவா ஒரு இடம். அவனவன் வீட்டுக் கல்யாண வீடியோவையும் இதுலதான் போடுறான். எரிச்சலா வருது!

— டென்ஷன் ஆகாதீங்க. ரெண்டே நிமிஷம்... ம்... ஆச்சு. இப்ப ஏத்துங்க, இடம் பண்ணிட்டேன்.

— அட, ஓடுதே! எழுபது... தொண்ணூறு... ஏறிடுச்சு! நீ நல்லா இருக்கணும்டா தம்பி.

— சத்தியமா இப்பதான் மூச்சே வருது. சரி, வெள்ளம் ஓடுற அந்தப் பெரிய சிமுலேஷன் ஃபைல் எங்க?

— அத போன வாரமே டிரைவ்ல ஏத்திட்டேன். பத்தொன்பது நாள் மெஷின் விடாம ஓடின கணக்குடா. லேப் மெஷின்ல இடத்தக் காலி பண்ணுன்னு ஒரே நச்சரிப்பு, அதனால இங்க இருந்தத இன்னிக்குக் காலைலதான் அழிச்சேன்.

— அங்கயும் இல்லியா? டிரைவ்லயும் ஒண்ணும் கண்ணுல படலியே.

— படாது. போன தடவை எவனோ உள்ள பூந்து நம்பர மாத்திட்டுப் போனான்ல? அதான் ஒளிச்சு வெச்சிருக்கேன். ஆமா, நீ எப்படி இடம் பண்ணின?

— வேண்டாத ஃபோல்டர் ஒண்ணு பூதம் மாதிரி அடைச்சுக்கிட்டிருந்துச்சு, தூக்கிட்டேன். அழிச்சது திரும்பி வராதபடி மொத்தமாத் துடைச்சாத்தான் இடம் கிடைக்கும்னு சொல்லுச்சு, அதையும் பண்ணிட்டேன்.

— யாரக் கேட்டுடா பண்ணின?

— கேக்க என்னக்கா இருக்கு? ‘பழைய குப்பை’ன்னு பேரே போட்டிருந்துச்சு. நான் போன வெக்கிறேன்க்கா, இன்ஜினியர் கூப்பிடுறார்.

— யாரும் தொடக்கூடாதுன்னு நான்தான்டா அந்தப் பேர வெச்சேன்.